நிலநடுக்கோட்டுக்கு மேலே

கொழும்பிலிருந்து மெல்பர்ன் போகும் இரவு விமானத்துக்குக் கீழே இலங்கை சீக்கிரமே தீர்ந்துவிடும். பிறகு பல மணி நேரத்துக்கு இந்தியப் பெருங்கடல்தான். கிளம்பிச் சுமார் ஒரு மணி நேரத்தில் நிலநடுக்கோடு. ஜன்னலுக்கு வெளியே அதற்கு எந்த அடையாளமும் இல்லை.

இந்தப் பாதை குலுங்குமா என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலான நேரம் குலுங்காது. நடுக்கோட்டை ஒட்டிய வானம் சாதுவானது. பூமியின் சுழற்சி காற்றுக்குத் தரும் திருகல் அங்கே இல்லாமலே போகிறது. ஆகவே 5 பாகைக்குள் புயல் உருவாவது அபூர்வம். மேற்கிலிருந்து பாயும் ஜெட் காற்றோட்டத்தின் முரட்டுத்தனமும் ஆஸ்திரேலியாவை நெருங்கும்போதுதான், அதுவும் அவர்களுடைய குளிர்காலத்தில்தான் அதிகம்.

*

ஆனால் ஒரு பட்டை இருக்கிறது. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும் காற்றுகள் சந்தித்து, போக இடமின்றி மேலே எழும் இடம். சூரியனைப் பின்தொடர்ந்து ஜூலையில் வடக்கே போகும், ஜனவரியில் தெற்கே இறங்கும். பாய்மரக் கப்பல்காரர்கள் அதற்கு அஞ்சியது வேறு காரணத்துக்காக: பாய் அசையாது, நாள்கணக்கில் நடுக்கடலில் கிடக்க வேண்டும். கீழே காற்று செத்துக் கிடக்கும் அதே இடத்தில்தான் மேலே இடிமேகங்கள் 50,000 அடியைத் தாண்டி ஏறுகின்றன. விமானம் பறப்பதோ 35,000 முதல் 41,000 அடி வரை. தாண்ட முடியாது, சுற்றித்தான் போக வேண்டும். திரையில் நம் பாதை காரணமின்றி வளைவதுபோல் தெரிந்தால் அநேகமாக இதுதான் காரணம்.

*

நிலத்தில் இடிமேகம் மாலையில் திரளும். நடுக்கடலில் பின்னிரவிலும் விடியலுக்கு முன்னும்தான் அதன் உச்சம், எல்லோரும் உறங்கும் நேரத்தில். கடல்மேகத்தில் மின்னலும் குறைவு என்பதால் இருட்டில் அது தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை. ரேடாருக்கு மழைத்துளி நன்றாகத் தெரியும். மேகத்தின் உச்சியில் இருக்கும் உலர்ந்த பனித்துகள் மங்கலாகத்தான் தெரியும். விமானிகள் ரேடாரைக் கீழ்நோக்கிச் சாய்த்து, மேகத்தின் ஈரமான இடுப்பைத் தேடுவது அதனால்தான்.

சில மேகங்கள் அதற்கும் அவகாசம் தருவதில்லை. 2022 டிசம்பரில் ஹொனலூலுவை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு விமானத்தின் முன்னால், பால் பொங்குவதுபோல் சில நொடிகளில் ஒரு மேகம் எழும்பி நின்றது. பலர் காயமடைந்தார்கள்.

*

அச்சம் எப்போதும் இறக்கையையே பார்க்கிறது. அது வளைவதைப் பார்த்து உள்ளங்கை வியர்க்கிறது. வளையத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். பெரிய பயணிகள் விமானம் தன் எடையைப்போல் இரண்டரை மடங்கு சுமையைச் சேதமின்றித் தாங்க வேண்டும், அந்தச் சுமையில் பாதி இன்னும் சேர்ந்தாலும் உடையக் கூடாது என்பது விதி. 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் 228 பேருடன் விழுந்த ஏர் பிரான்ஸ் விமானத்தை அந்த இடிமேகப் பட்டையோடு சேர்த்தே சொல்கிறார்கள். அதைக் குலுக்கல் உடைக்கவில்லை. வேகமானியின் குழாய்களைப் பனித்துகள் அடைத்தது, தானியங்கி விலகியது, அதன்பின் கைகளால் இயக்கியதில் நேர்ந்த பிழையால் விமானம் மிதக்கும் ஆற்றலை இழந்தது.

விமானத்துக்குள் உண்மையில் பலவீனமான பொருள் பெல்ட் போடாத மனிதன். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன விமானம் தென் மியன்மாருக்கு மேலே 4.6 நொடிகளில் 178 அடி இறங்கியது. சொல்லப்போனால் பெரிய இறக்கமே இல்லை. ஆனால் பெல்ட் இல்லாதவர்கள் கூரையில் போய் மோதினார்கள். ஒருவர் இறந்தார். விமானம் பத்திரமாக பாங்காக்கில் இறங்கியது.

எந்த இருக்கை நல்லது, எந்த மாதம் நல்லது என்று விசாரிப்பதில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. இறக்கையருகே ஆட்டம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். தூங்கப் போகும்போது எச்சரிக்கை விளக்கு அணைந்திருந்தாலும் பெல்ட்டைக் கழற்றாதீர்கள். போர்வைக்கு மேலே கட்டிக்கொள்ளுங்கள். சரிபார்க்க வரும் பணிப்பெண் உங்களை எழுப்ப வேண்டியிருக்காது.