எண்ணெயும் அவசரமும்

மத்தேயு சுவிசேஷத்தின் 25ஆம் அதிகாரத்தில் வரும் பத்துக் கன்னிகைகளின் உவமையை விழிப்புக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். விழித்திருங்கள் என்றுதான் உவமையும் முடிகிறது. ஆனால் கதைக்குள் யாருமே விழித்திருக்கவில்லை. மணவாளன் வரத் தாமதித்தபோது புத்தியில்லாத ஐந்து பேரோடு புத்தியுள்ள ஐந்து பேரும் தூங்கிப்போகிறார்கள். நடுராத்திரியில் சத்தம் கேட்டு பத்துப் பேரும்தான் பதறி எழுகிறார்கள். வித்தியாசம் பாத்திரத்தில் இருந்த எண்ணெய் ஒன்றுதான். அதாவது, தூங்கினாலும் கைவிட்டுப் போகாத ஏதோ ஒன்றைப் பற்றி இந்தக் கதை பேசுகிறது.

இதில் உறுத்துகிற இடம் ஒன்று உண்டு. இல்லாதவர்கள் கேட்கிறார்கள், இருப்பவர்கள் தர மறுக்கிறார்கள். இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்ற போதனையை ஏற்ற மதத்தில் இது எப்படி நியாயமாகும்? எண்ணெய் ஒரு உடைமை என்று வைத்துக்கொண்டால் நியாயமே இல்லை. கடன் கொடுக்க முடியாத ஒன்று என்று வைத்துக்கொண்டால்தான் உவமை நிற்கிறது. நான் பத்து வருஷம் பழகிப் பெற்ற பொறுமையை, உனக்குத் தேவைப்படுகிற அந்த ஐந்து நிமிஷத்துக்கு உன் கையில் எடுத்துக் கொடுக்க முடியாது.

தமிழ் வேதாகமம் இதற்கு ஆயத்தம் என்று ஒரு சொல்லைப் பழக்கியிருக்கிறது. தயார் என்பது வேறு. ஃபைல் தயார், காப்பி தயார் என்கிறோம். அது முடிந்துபோன ஒரு நிலை. ஆயத்தம் என்பதில் இன்னும் வராத ஒருவரை நோக்கித் திரும்பியிருக்கும் பாவம் இருக்கிறது. இந்த வித்தியாசம் பின்னால் தேவைப்படும்.

ஆயத்தத்துக்குப் பயிற்சி எங்கே? மடங்களும் தியானமும் உடனே நினைவுக்கு வரும். ஆனால் இந்த விஷயத்தில் ஐரோப்பிய மரபு திரும்பத் திரும்பக் காட்டுகிற ஆள் ஒரு சமையல்காரர். நிக்கொலா எர்மான் என்ற லொரேன் பிரதேசத்துக்காரர், போரில் சிப்பாயாக இருந்து கால் ஊனமானவர், பாரிஸில் கார்மேல் சபை மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்ற பெயரில் சேர்ந்தார். குருவானவர் அல்ல, பணிச் சகோதரர். சமையற்கட்டு வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காதது. அதில்தான் பல வருஷம் இருந்தார். பிறகு செருப்புத் தைத்தார். 1691இல் இறந்தார். அவருடைய கடிதங்களும் சம்பாஷணைகளும் அதற்குப் பிறகுதான் புத்தகமாயின. அவர் சொல்வதன் சாரம், ஜெப நேரம் என்றும் வேலை நேரம் என்றும் தனக்கு இரண்டு நேரங்கள் இல்லை என்பது. இதை ஒரு பக்திப் பரவசமாக வாசித்தால் விஷயம் நழுவிவிடும். பாத்திரங்களின் இரைச்சலில், பலர் ஒரே நேரத்தில் பலவற்றைக் கேட்கும்போது, அவரிடம் இல்லாதது அவசரம். வேலை இருந்தது, அவசரம் இல்லை.

அவசரம்தான் பிரச்னை என்பதை 1973இல் வெளியான ஒரு பரிசோதனை கொஞ்சம் குரூரமாகவே காட்டியது. ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் நாற்பது பேரை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் பேசுவதற்காக அனுப்பினார்கள். சிலருக்குப் பேசவேண்டிய பொருள் நல்ல சமாரியன் உவமை. வழியில் ஒருவன் முனகிக்கொண்டு சரிந்து கிடந்தான். அவகாசம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் ஏதாவது உதவி செய்தார்கள். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். சமாரியனைப் பற்றி யோசித்துக்கொண்டு போனது குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் உண்டாக்கவில்லை. அவர்களுடைய மத ஈடுபாடு எவ்வகைப்பட்டது என்பதும் நிற்பார்களா மாட்டார்களா என்பதைத் தீர்மானிக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு மதத்தைக் கேலி செய்வது சுலபம். ஆனால் நிற்காமல் போனவர்களில் பலர் கலங்கிய நிலையில்தான் அடுத்த கட்டடத்தை அடைந்தார்கள் என்றும் ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். கல்நெஞ்சம் அல்ல காரணம். அங்கே ஒருவர் காத்திருக்கிறார், இங்கே ஒருவன் கிடக்கிறான் என்ற இழுபறி. கருத்து அவர்களிடம் இருந்தது. இழுபறியில் கை தானாகப் போகிற திசை மட்டும் பழகியிருக்கவில்லை. ஐரிஸ் மர்டாக் 1970இல் வந்த தன் நூலில் வாதிடுவது இதுதான். தேர்வு செய்யும் கணம் என்று நாம் நினைப்பது வருவதற்கு முன்பே, அதுவரை எதை எப்படிப் பார்த்து வந்தோம் என்பதால் தேர்வின் பெரும்பகுதி முடிந்துபோயிருக்கிறது. மர்டாக் இதைச் சிமோன் வெய்லிடமிருந்து பெற்றார். திருச்சபையின் வாசலிலேயே நின்றுவிட்ட வெய்ல், ஒரு கணக்கு வராமல் போனாலும் அதன்மேல் வைத்த கவனம் வீணாகாது, ஒருநாள் துன்பப்படுகிறவன் எதிரே அது பயன்படும் என்று நம்பினார்.

அப்படிப் பயன்பட்ட ஒரு இடம் சரித்திரத்தில் உண்டு. தெற்கு பிரான்சின் பீடபூமியில் லெ ஷாம்போன் என்ற கிராமம். ஆந்த்ரே த்ரோக்மே அங்கே போதகர். 1940க்கும் 1944க்கும் இடையில் அந்த ஊரும் சுற்றுவட்டாரமும் ஏராளமான யூதர்களை, முக்கியமாகக் குழந்தைகளை, மறைத்து வைத்துக் காப்பாற்றின. போதகரின் மனைவி மக்தா, கதவைத் தட்டிய முதல் அகதியை ஆலோசனை எதுவுமின்றி உள்ளே அழைத்தார். பிற்காலத்தில் அந்த ஊர்க்காரர்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு ஏமாற்றம் காத்திருந்தது. பெரிய முடிவெடுத்த கணம் என்று எதையும் அவர்களால் சொல்ல முடியவில்லை. வேறென்ன செய்திருக்க முடியும் என்று திருப்பிக் கேட்டார்கள்.

ஆனால் அதே வருஷங்களில் ஜெர்மனியிலும் ஜெபம் நடந்தது. 1933 ஜூலையில் நடந்த புராட்டஸ்டண்ட் திருச்சபைத் தேர்தலில் ஹிட்லரை ஆதரித்த ‘ஜெர்மானியக் கிறிஸ்தவர்கள்’ பெரும்பான்மை பெற்றார்கள். அதே வேதாகமம், அதே ஞாயிற்றுக்கிழமை. ஆகவே பயிற்சி என்ற ஒன்றே போதும் என்று சொல்ல வழியில்லை. லெ ஷாம்போன்காரர்கள், 1685இல் நாந்த் சாசனம் ரத்தானபின் வேட்டையாடப்பட்ட புராட்டஸ்டண்டுகளின் வழிவந்தவர்கள். ஒளிந்திருந்தவர்களின் ஞாபகம் அவர்களுடைய வாசிப்பில் கலந்திருந்தது. ஜெபம் ஆளைத் தன்னை நோக்கித் திருப்புகிறதா, வாசலை நோக்கித் திருப்புகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தன்னை நோக்கித் திரும்பிய ஜெபம் வெறும் தயார்நிலை. அது எந்த எஜமானனுக்கும் தயார்.

எனக்கு விசுவாசம் கிடையாது. விசுவாசத்தைக் கழித்துவிட்டுப் பயிற்சியை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி அதனால்தான் எனக்கு முக்கியமாகிறது. வங்கியில் வருஷந்தோறும் நவம்பரில் பென்ஷன்காரர்கள் உயிர்ச் சான்றிதழ் கொடுக்க வருவார்கள். எதிரே நிற்பவர் உயிரோடிருக்கிறார் என்று பதிவு செய்வது வேலை. முகத்தைப் பார்க்காமலே ஒரு நாளில் நூறு பேரை உயிரோடிருப்பதாகப் பதிவு செய்துவிடலாம், தவறு எதுவும் நேராது. நிமிர்ந்து பார்க்க ஒரு விநாடி போதும். அந்த விநாடியை எது தருகிறது? சுயக்கட்டுப்பாடு தரும் என்று ஸ்டோயிக்குகள் சொல்வார்கள். தரலாம். ஆனால் அதில் நான் என் நிதானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன், எதிரே இருப்பவரை அல்ல. நம் எழுத்தாளர்களிடையே கலைஞனின் விழிப்பு என்று பேசப்படுவதிலும் பெரும்பங்கு இப்படித் தன் விளக்கைத் தானே ரசிப்பதுதான். கிறிஸ்தவம் இங்கே சொல்வது எளியது. வருகிறவன் ஒருவன் இருக்கிறான், அதனால்தான் எண்ணெய்.

யார் வருகிறான் என்பதற்கும் அதே அதிகாரம் பதில் வைத்திருக்கிறது. உவமை முடிந்து கொஞ்ச தூரத்தில் நியாயத்தீர்ப்புக் காட்சி வருகிறது. பசித்தவனுக்கும் அந்நியனுக்கும் செய்தது தனக்கே செய்தது என்கிறார் ராஜா. நீதிமான்களுக்குப் புரியவில்லை, உம்மை எப்போது கண்டோம் என்கிறார்கள். அவர்கள் அடக்கத்துக்காக அப்படிச் சொல்லவில்லை, உண்மையாகவே தெரியாது. மக்தா த்ரோக்மேயின் கதவில் நின்றவளும் தன்னை யார் என்று அறிவித்துக்கொண்டு வந்த மணவாளன் அல்ல, குளிரில் நடுங்கிய ஒரு பெண். எனக்கு அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்த நம்பிக்கை இல்லை. கதவைத் தட்டுகிறவர்கள் மட்டும் எனக்கும் வருகிறார்கள்.