கயிறு யார் கையில்?

தலைமை என்பது கற்பிக்கக்கூடிய ஒரு கலை என்றும், அதனைப் படைத் தளபதிகளிடமும் பெருங் கம்பனிகளின் அதிபர்களிடமுமே கற்க வேண்டும் என்றும் எமக்குச் சொல்லப்படுகின்றது. இலங்கையில் இது வெறும் சொல்லாக நிற்கவில்லை. 2011 மே மாதத்தில், பல்கலைக்கழகம் புகவிருந்த மாணவர்கள் தலைமைத்துவப் பயிற்சிக்கென இராணுவ முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். 2013ஆம் ஆண்டளவில் பாடசாலை அதிபர்கள் பலருக்குப் பயிற்சியளித்துக் கேணல் தரமும் வழங்கப்பட்டது. அணிவகுத்து நடக்கத் தெரிந்தவனுக்கே பிறரை வழிநடத்தத் தெரியும் என்பது இதன் உட்கிடக்கை. இது உண்மைதானா?

விடை தேட மன்னார்க் கரைக்குச் செல்வோம். அரிப்பில், கவர்னர் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டுவித்த மாளிகை கடலரிப்பால் இடிந்து கிடக்கின்றது. முத்துக் குளிப்பை மேற்பார்வையிட எழுந்த மாளிகை அது. அக்கடலின் பார்களில் 1905ஆம் ஆண்டில் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன. தோணிக்காரருக்கும் குளிப்போருக்குமாகக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கே, எஞ்சியது அரசுக்கு. 1906இல் ஆங்கிலேய அரசு அப்பார்களை ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. 1907க்குப் பின்னர் சிப்பி வாய்க்கவில்லை. சில ஆண்டுகளிற் கம்பனி கலைந்தது. பங்குதாரர் இழந்தது பணம். குளிப்பவனோ ஒவ்வொரு முறையும் தன் மூச்சையே பணயம் வைத்தான்.

ஆனால், அந்தத் தோணியிலே வேறொரு தலைமையும் இருந்தது. கல்லைக் காலிற் கொண்டு கடலடிக்கு இறங்குபவனுடைய கயிறு மேலே ஒருவன் கையில் இருக்கும். கீழிருப்பவன் கயிற்றை அசைத்ததும் மேலிருப்பவன் இழுக்க வேண்டும். பிந்தினால் உயிர் போய்விடும். ஆகவே, கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடமே கொடுப்பார்கள் என்பது முத்துக் குளிக்கும் மக்களிடையே வழங்கும் செய்தி. தங்கை தாலியிழக்க எந்த அண்ணன் சம்மதிப்பான்?

இதனை உறவுப் பாசத்தின் பெருமை என்று மட்டும் கொள்வது போதாது. நம்பிக்கைக்கும் ஒரு பிணை வேண்டும் என்ற கசப்பான அனுபவ அறிவு இதில் உண்டு. கீழே இறங்குபவன் அழிந்தால் தானும் இழக்கக்கூடியவனே மேலே நிற்கத் தகுந்தவன். அத்தோடு, அங்கே கட்டளை கீழிருந்து மேலே வருகின்றது.

ஒழுங்கு வேண்டாமா என்று கேட்பர். வேண்டும். தோணியிலும் கடுமையான ஒழுங்கு இருந்தது. அது மூச்சடக்கியவனுக்காக இருந்த ஒழுங்கு. முகாமின் ஒழுங்கோ கேள்வி கேளாமையில் தொடங்குகின்றது. கம்பனியின் ஒழுங்கு இலாபக் கணக்கில் முடிகின்றது. தன் வீரரோடு களத்தில் நின்று மடிந்த தளபதிகள் இல்லையா? உண்டு. அவர்களை நாம் மதிப்பதும் அதே ஆபத்தில் நின்றார்கள் என்பதனாலேதான். தோளிற் பூண்ட பட்டத்தால் அன்று.

ஆசிரியராகிய எம்மையும் இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டும். வகுப்பறையில் கயிறு எம் கையில் இருக்கின்றது. மாணவன் எழுப்பும் கேள்வியே கயிற்றின் அசைவு. அதனை ஒழுங்கீனம் என்று நாம் அடக்கும்போது, கீழே ஒருவன் மூச்சுத் திணறுகின்றான். பரீட்சையில் தோற்பவன் அவன். எமது சம்பளத்தில் ஒரு சதமும் குறைவதில்லை. அந்த நட்டத்தில் எமக்கும் பங்குண்டு என்று உணரும் நாளிலேதான், தலைமையைப் பற்றிப் பேச நாம் தகுதி பெறுவோம்.