இலவசமும் அமானிதமும்

காசு கொடாமல் பெற்ற பொருளில் குறை சொல்ல நமக்கு உரிமையுண்டா? நோர்வேயின் ஒபெரா இணைய உலாவி 2013 ஜூலையில் 15ஆவது பதிப்பாக வந்தபோது, விரும்பிய பக்கங்களைக் குறித்து அடுக்கிவைக்கும் வசதி நீக்கப்பட்டிருந்தது. பாவனையாளர் பலர் வேறு உலாவிகளுக்கு மாறினர்.

உலாவி நிறுவனத்தின் சொத்து, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆண்டுக்கணக்காகத் தேடிச் சேர்த்த குறிகள் பாவனையாளனின் உழைப்பு. இடம் தருகிறேன் என்றவனை நம்பி அங்கே வைத்தவை. கூலி வாங்காதவனிடம் வைத்தாலும் அமானிதம் அமானிதம்தான். பழைய பதிப்பையே வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். திருத்துவாரில்லாத வீட்டில் எத்தனை நாள் குடியிருப்பது? விட்டுப் போனவர்களை நன்றி கெட்டவர்கள் என்பதில் எனக்கு உடன்பாடில்லை.

2014இல் அவ்வசதி மீண்டும் வந்தது. அதற்குள், ஒபெராவை உருவாக்கியவர்களுள் ஒருவரும் 2011இலேயே அங்கிருந்து விலகியவருமான யோன் வொன் டெட்ஷ்னர், விவால்டி என்னும் புதிய உலாவிக்கு அத்திவாரமிட்டிருந்தார்.