உரையளவையும் நினைவக எல்லையும்

ஒரு பொருளின் எல்லை அப்பொருளிலேயே காணக் கிடைப்பதா, அன்றிப் பிறர் சொல்லக் கேட்டு அறிய வேண்டியதா என்னும் கேள்வி, அறிவு வரும் வழிகளை ஆராயும் அளவையியலுக்கு உரியதாயினும், சி என்னும் நிரல்மொழியில் இரு சரங்களை, அதாவது எழுத்துத் தொடர்களை, இணைக்கும் சிறு செயலிலும் எழுகிறது.

பல மொழி எழுத்துகளையும் ஏற்கும் பொருட்டு அமைந்த அகல எழுத்து, விண்டோசில் இரண்டு பைட்டும் லினக்சில் நான்கு பைட்டும் கொள்கிறது. அவ்வெழுத்துகளாலான சரம் எங்கே முடிகிறது என்பதை இறுதியில் நிற்கும் சுழிய எழுத்து காட்டிவிடுகிறது. சரத்தைத் தாங்கும் நினைவகப் பகுதி எங்கே முடிகிறது என்பதற்கோ அங்கே எவ்வடையாளமும் இல்லை. பழைய செயற்கூறான டபிள்யூசிஎஸ்கேட், முதற்சரத்தின் சுழியத்தைக் கண்டு அவ்விடத்திலிருந்து இரண்டாம் சரத்தை எழுதிச் செல்வதால், இடம் தீர்ந்த பின்னும் எழுதி அடுத்துள்ள தரவைக் கெடுக்கக்கூடும். 2011ஆம் ஆண்டின் சி தரநிலை விருப்பப் பின்னிணைப்பில் ஏற்ற டபிள்யூசிஎஸ்கேட்_எஸ், இலக்கின், அதாவது முதற்சரத்தைத் தாங்கும் பகுதியின், கொள்ளளவையும் கேட்டுப் பெற்று, இடம் போதாவிடில் இலக்கை வெற்றுச் சரமாக்கிப் பிழையென உணர்த்துகிறது.

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், அறிவு வரும் வழிகளாகப் பிறர் கூறும் அளவைகள் பலவற்றையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்குகிறது. காண்டல் நேரில் அறிவது, கருதல் ஒன்றைக்கொண்டு மற்றொன்றை உய்த்துணர்வது, உரை நம்பத்தக்க சொல்லால் அறிவது. இப்பகுப்பை இங்குப் பொருத்தினால், பழைய செயற்கூறு காண்டலோடு நிற்க, புதியது உரையையும் வேண்டுகிறது. நினைவகப் பகுதியாக அமையும் எழுத்து அணியின் அறிவிப்பு கண்முன் இருக்கும்வரை, மொத்தப் பைட்டுகளை ஓர் எழுத்தின் பைட்டுகளால் வகுத்துக் கொள்ளளவைக் கருதலால் பெறலாம். அணி வேறொரு செயற்கூறுக்குச் சென்றபின் முகவரி மட்டுமே எஞ்சுவதால், அதே வகுத்தல் முகவரியின் அளவைக் கொண்டு பிழையான விடையைத் தரும். அப்போது உரையைத் தவிர வேறு வழியில்லை.

ஆயினும் உரை, உரைப்போன் தகுதியளவே மெய்யானது. எழுத்துகளின் எண்ணிக்கை கேட்கப்படும் இடத்தில் நிரலர் பைட்டுக் கணக்கைத் தந்தால், 100 எழுத்துகள் கொள்ளும் பகுதியை 200 கொள்வதாக விண்டோசில் இயங்கும் செயற்கூறு நம்பும். அச்சொல்லைச் சோதிக்க அதற்கு வேறு அளவை கிடையாது. டபிள்யூசிஎஸ்என்கேட் என்னும் மற்றோர் இணைப்புச் செயற்கூற்றிலோ கேட்கப்படுவது இன்னும் எத்தனை எழுத்துகளைச் சேர்க்கலாம் என்பதே ஆகையால், முழுக் கொள்ளளவைத் தருபவர் மெய்யான எண்ணைச் சொல்லியும் பிழைபடுகிறார்.

இதனால் புதிய செயற்கூற்றுக்குரிய பாதுகாப்பான இணைப்பு என்னும் பெயர் வீணாகிவிடுவதில்லை. பழைய செயற்கூறு கொள்ளளவை எவரிடமும் கேட்காமையால், அதை அறிந்தவரும் வாளாவிருக்க முடிந்தது. புதியதோ அவரைச் சொல்லக் கடமைப்படுத்தி, சொன்னதற்குப் பொறுப்பாளியுமாக்குகிறது.