பிள்ளைகளுக்குப் பறை சொல்லிக் கொடுக்கலாமா?

"மாப்ள, நாங்க வேண்டாம்னு தூக்கிப் போட்டதை எடுத்து என் பேத்தி கையிலயே குடுத்துட்டியே. இது என்ன நியாயம்?"

ஆலங்குளத்தில் எங்கள் தெரு மாமா ஒருவர் கேட்டது இது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நான் பறை கற்றுக்கொடுக்கத் தொடங்கி மூன்றாவது வாரம் அது. கலை, பண்பாடு, எதிர்ப்பு என்றெல்லாம் அவரிடம் பேசிப் பார்த்தேன். முழுசும் கேட்டுவிட்டு, "துட்டி வீட்டு வாசல்ல விடிய விடிய நின்னு அடிச்சிருக்கியா நீ?" என்றார். இல்லை. எங்க தாத்தா அடித்தார். மாமாவும் சின்ன வயதில் அடித்திருக்கிறார். 1970-இல் இங்கே வந்த அரசு சிமெண்ட் ஆலையில் பிற்பாடு அவருக்குக் கூலி வேலை கிடைத்தது. அதற்குப் பிறகுதான் ஊரார் ஆள் அனுப்பியபோது "வரமாட்டேன்" என்று அவரால் சொல்ல முடிந்தது.

எம்.ஏ. தமிழ் படித்தபோது, தொல்காப்பியம் பறையைக் கருப்பொருள்களில் ஒன்றாகச் சொல்வதைப் பெருமையோடு படித்தேன். அந்தப் பெருமை துட்டி வீட்டு வாசலில் நின்ற தாத்தாவுக்கு ஒரு வாய்ச் சோற்றுக்கும் உதவவில்லை.

மறுப்பதும் நம் வரலாறுதான். செத்த மாட்டை இனித் தூக்காதீர்கள் என்று 1927-இல் மகாத் மாநாட்டில் அம்பேத்கர் சொன்னார். பறையடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக இங்கே சேரிகள் அடி வாங்கியிருக்கின்றன. இன்னொரு பக்கம், திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் சகோதரி சந்திராவோடு தலித் பெண்கள் அதே பறையை மேடையேற்றினார்கள். 2025-இல் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ அறிவித்தார்கள். சந்தோஷந்தான். ஆனால் விருது மாமாவின் கேள்விக்குப் பதிலாகுமா?

தோலில் என்ன இழிவு இருக்கிறது? மிருதங்கத்திலும் மாட்டுத்தோல்தான். மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா எழுதிய புத்தகத்தின் வெளியீட்டுக்கு 2020-இல் கலாக்ஷேத்ரா முதலில் இடம் கொடுத்து, பிறகு மறுத்துவிட்டது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் மிருதங்கத்துக்கு ஆசிரியர் உண்டு. நம் பறைக்கு அந்த மரியாதை எளிதில் வரவில்லை. இதையெல்லாம் நான் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் என்னைத் தேடி வந்த அன்றுதான் மாமாவின் கேள்வி எனக்கு உறைத்தது. "ஆண்டு விழாவுக்கு விருந்தினரை வரவேற்கணும் தம்பி. காலனிப் பிள்ளைகள்ல நாலு பேருக்குச் சொல்லிக் குடுத்துருங்க" என்றார். மற்றப் பிள்ளைகளுக்கு? "அவங்க வீட்ல சம்மதிக்க மாட்டாங்க தம்பி. அவங்க டான்ஸ் ஆடுறாங்க." பிரியமாகத்தான் சொன்னார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஊரார் ஆள் அனுப்பினால் தாத்தா போகாமல் இருக்க முடியாது. ஆசிரியர் கூப்பிட்டால் எட்டு வயதுப் பிள்ளை மட்டும் எப்படி மாட்டேன் என்று சொல்லும்? துட்டி வீட்டு வாசல் போய்ப் பள்ளிக்கூட வாசல் வந்ததைத் தவிர இதில் என்ன மாறியது?

அப்படியானால் நிறுத்திவிடலாமா? அங்கேதான் எனக்குச் சிக்கல். மாமாவின் பேத்திக்கு ரெண்டு வாரமாகக் கை கூடவில்லை. இடது கைச் சிம்புக் குச்சி, வலது கை அடிக்குச்சி பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வைக்கோலைக் கொளுத்தி, பறையை அனலில் காட்டி, தோல் இறுகியதும் அவளிடம் கொடுத்தேன். திடீரென்று ரெண்டு குச்சியும் தனித்தனியாகப் பேச ஆரம்பித்தன. அவளே பயந்துபோய் நிறுத்தி என்னைப் பார்த்தாள். "அண்ணே, நானா அடிச்சேன்?" மாமாவின் காயம் அவளுக்கு இல்லை. இழிவு என்று சொல்லிப் பிடுங்கினால் அந்தக் காயத்தை அவளுக்கு நானே கொடுத்தவனாவேன். ஒன்றும் சொல்லாமல் கையில் கொடுத்தாலோ அவளை ஏமாற்றுகிறேன். தாத்தா எங்கே நின்று அடித்தார், கூலியாக என்ன கொடுத்தார்கள் என்பது அவளுக்குத் தெரிய வேண்டாமா?

இப்போது வகுப்புத் தொடங்கும்போது குச்சிகளைக் கீழே வைக்கச் சொல்கிறேன். "மாட்டேன்னு யாரும் எப்பவும் சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டாம்." முதல் நாளே ரெண்டு பயல்கள் "மாட்டேன்" என்று கத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். அடுத்த வாரம் திரும்பி வந்தார்கள். எதற்காக ஓடினீர்கள் என்று நான் கேட்கவில்லை. தாத்தாவின் கதையையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி வருகிறேன்.

தலைமையாசிரியரிடம், வகுப்பில் இருக்கிற முப்பத்தோரு பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்லித் தருகிறேன், பிடிக்காத பிள்ளை எந்தச் சாதியானாலும் விலகிக்கொள்ளட்டும், இல்லையென்றால் யாருக்குமே வேண்டாம் என்றேன். பெற்றோரிடம் கேட்டுச் சொல்வதாகப் போனவர் திரும்பி வரவில்லை. ஆண்டு விழாவில் பறையொலியை ஸ்பீக்கரில் போட்டு விருந்தினரை வரவேற்றார்களாம்.

மாமாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார். வகுப்புக்கு இன்னும் அவர் சம்மதம் சொல்லவில்லை. பேத்தியை நிறுத்தவும் இல்லை.