கேட்டுக் கொடுத்தலும் கேளாது கொடுத்தலும்

உடலூனமுற்ற ஒருவனுக்கு உதவி செய்யப் புகுவார், அவ்வுதவி இன்னதென்று தாமே துணிதல் முறையோ, அவனைக் கேட்டுத் துணிதல் முறையோ? இவ்வினா எளிதுபோலத் தோன்றும். ஆயினும், நம் வன்னி நாட்டிலே 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்த பின்னர் இதற்குப் பலமுறை பிழையான விடையே கொடுக்கப்பட்டது.

என்பால் முன்னர்க் கற்ற மாணாக்கன் ஒருவன் முள்ளந்தண்டிற் காயமுற்று இடைக்குக்கீழ் உணர்விழந்தவன். முல்லைத்தீவுக் கரையோரத்து மணற்கிராமம் ஒன்றிலே முதிய தாயோடு வாழ்கின்றான். அவனுக்கு அன்பர் சிலர் சக்கரநாற்காலி கொணர்ந்தளித்தனர். சீமெந்துத் தளத்துக்கேற்ற அதன் ஒடுங்கிய சில்லுகள் மணலிற் புதைந்தன. வேறு சிலர் கோழிக்குஞ்சுகள் கொடுத்தனர்; அவற்றைத் துரத்திப் பிடிப்பார் யார்? அவனுக்கு வேண்டியிருந்தவை மலகூடத்துக்குச் செல்லும் சாய்தளமும், தாய் நோயுறும் நாட்களிலே தன்னைக் குளிப்பாட்டிப் படுக்கைப்புண் வாராமற் புரட்டிவிட ஓர் ஆளுமே. இதனைப்பற்றித் தன்னை ஒருவரும் வினாவியதில்லை என்றான். யானும் அந்நாள்காறும் வினாவினேனல்லேன்.

தண்டியடிகணாயனார் சரித்திரத்தை ஆசிரியராகிய நாம் யாவரும் கற்பிக்கின்றோம். கண்ணில்லாத அவர் திருவாரூர்க் குளத்தைத் தோண்டப் புகுந்தபோது, குளத்தினுள்ளும் கரையிலும் தறி நாட்டி, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண் சுமந்தார். தமக்கு வேண்டிய துணை இன்னதென்று அவரே கண்டார். பிறர் அக்கயிற்றைப் பறித்தபோதன்றோ அவர் செயலிழந்தார்! அவர் கண்பெற்ற அற்புதத்தை விரித்துரைத்துக் கயிற்றை ஒரு வாக்கியத்திலே கடந்துபோதல் நம் வழக்கம். யான் அவ்வழக்கத்தை விட்டுவிட்டேன்.

அற்றேல், பணத்தை அவன் கையிற் கொடுப்பின் வீணாக்கானோ எனின், வீணாக்குதலுங் கூடும். மாதவேதனம் பெறும் நம்மை அங்ஙனம் வினாவுவார் எவருமிலர். தன் மனத்தை உரைக்கமாட்டாதவனுக்கு யாது செய்வது என்பது இதனினும் அரிய வினா. பாதிரிமார் பாடசாலையிற் படித்த காலத்து, வழியிலே குற்றுயிராய்க் கிடந்தவனைச் சத்திரத்திற் சேர்த்துச் சத்திரக்காரனிடம் இரண்டு காசு கொடுத்த சமாரியன் கதையை யான் கற்றேன். அறிவற்றுக் கிடந்தவன் பொருட்டுப் பிறர் துணிந்தது தக்கதே. அவன் கண்விழித்த பின்னும் சத்திரக்காரனையே கேட்டுக்கொண்டிருத்தல் தகாது.

இங்கிலாந்திலே ஹாம்ப்ஷயர்ப் பகுதியில் லே கோர்ட் என்னும் இல்லத்திலிருந்த ஊனமுற்றோர் சிலர், தம்மை அங்கே வைத்திருத்தற்காகும் செலவைத் தம்பொருட்டே தந்தால் வெளியே தாம் தெரிந்த உதவியாளரோடு வாழ்வோம் என்று வாதாடி, 1980களில் அதனைப் பெற்றனர். நேரே பணங்கொடுத்தற்கு அந்நாட்டிற் சட்டம் இடந்தந்தது 1996ஆம் ஆண்டிலேயாம். அவ்வாண்டிலேதான் இலங்கையிலும் ஊனமுற்றோர் உரிமைக்கான 28ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறிற்று. ஆயினும், அவர்கள் பெற்றதும் நிலைத்ததன்று. சுதந்திர வாழ்வுக்கென 1988இல் அங்கே தொடங்கிய நிதி 2015இல் மூடப்பட்டது. உரிமையைப் புகழ்ந்துகொண்டே பணத்தைக் குறைத்தலும் உண்டென்பதை நாம் மறத்தலாகாது.

நம் நாட்டிலே 2023இல் வந்த அஸ்வெசுமத் திட்டத்தில் ஊனமுற்றோர்க்கு மாதம் 5,000 ரூபா வைக்கப்பட்டுப் பின்னர் உயர்த்தப்பட்டது. பணம் கைக்கு வருதல் நன்றே. எனினும், பணங்கொடுத்துப் பெறத்தக்க பராமரிப்பாளர் கிராமத்தில் இல்லையேல், அது வைத்தியசாலைக்குச் செல்லும் முச்சக்கரவண்டிக் கூலியாகவே கழியும். ஆகலின் பணத்தோடு ஓர் ஒழுங்கும் வேண்டும். காலையில் எழுப்புவார் யார், குளிப்பாட்டுவார் யார், தாய்க்குப்பின் யார், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆகும் என்று எழுதிக் கிராம சேவையாளரிடமும் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் கொண்டு செல்லுதல் நம்மால் இயலாததன்று.

சென்ற விடுமுறையில் ஒரு தாளோடு அவனிடம் போனேன். முதல் வரியாக அவன் எழுதுவித்தது, மாதத்தில் நான்கு இரவாவது தாய் விழியாது உறங்கவேண்டும் என்பது. தனக்கென்று யாதும் கேட்டானல்லன். சாய்தளமும் மூன்றாம் வரியிலேயே வந்தது. அதற்குச் சீமெந்து பழைய மாணாக்கர் தருகின்றனர். உதவிக்கு அயலிளைஞன் ஒருவனை அவனே தெரிந்துகொண்டான்; கூலியும் அவன் கையாலேயே கொடுக்கப்படும். அக்கூலியிற் பாதி இன்னும் சேரவில்லை.