ஊர் நோட்டை மந்தையில் விரியுங்கள்

பங்குனி பிறக்கப் போகிறது. மதுரை, சிவகங்கை, விருதுநகர்ப் பக்கத்துக் கிராமங்களில் சாவடியில் கூட்டம் போட்டு, சாமி சாட்ட நாள் குறிப்பார்கள். தலைக்கட்டுக்கு எவ்வளவு என்று முடிவாகும். மறுநாளே இரண்டு பேர் நோட்டோடு தெருவில் இறங்கிவிடுவார்கள். அவர்கள் இறங்குவதற்குள் இதைக் கேளுங்கள். தண்டல் தொடங்கிய பிறகு சொன்னால் யார் காதிலும் ஏறாது. அப்போது கேள்வி கேட்பவன் திருவிழாவைக் கெடுக்க வந்தவனாகத் தெரிவான்.

ஊர்ப்பணம் என்று நோட்டில் ஏறிய ஒவ்வொரு ரூபாயும் ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் சொந்தம். அதனால் அதன் கணக்கை எல்லார் முன்னாலும் வாசித்தாக வேண்டும். கொடுக்க முடியாத குடும்பத்தைத் தலைகுனிய வைக்கக் கூடாது. கொடுக்க வந்த குடும்பத்தைத் திருப்பி அனுப்பவும் கூடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் இவ்வளவும் வேண்டும், ஒன்றுகூடக் குறையக் கூடாது.

ஊர் கூடி வரி போடுவது பெரிய காரியம். அதன் அருமை தெரிந்துதான் இதை எழுதுகிறேன். கண்மாய் மடையைச் சரிசெய்ததும், வரத்துக்கால்வாயைத் தூர்வாரியதும் குடிமராமத்து என்ற பெயரில் ஊரார் தங்களுக்குள் பங்கு போட்டுச் செய்த வேலைதான். 1950களின் பிற்பகுதியில் காமராசர் ஆட்சியில் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஒவ்வொரு ஊராரும் தங்கள் பள்ளிக்குப் பெஞ்சு, கரும்பலகை, கட்டடம், நிலம் என்று முடிந்ததைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கையில் காசு புழங்காத காலம் அது. திருவிழாவும் அப்படித்தான். திருப்பூரிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் கிடக்கும் பிள்ளைகளை ஊருக்கு இழுத்துவர அக்கினிச்சட்டியால் முடியும், முளைப்பாரியால் முடியும். விடிய விடிய வள்ளி திருமண நாடகம் பார்த்துவிட்டு ஒரே பாயில் படுத்துக் கிடந்தவர்களுக்குள் அடுத்த வருடம் வழக்கு வந்தாலும் பேச்சு அறுந்துபோகாது. இப்படி ஒரு சொத்து இருப்பதால்தான் அதைக் கெடுக்கிறவர்கள் மேல் கோபம் வருகிறது.

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடியிலும் ஆவணியிலும் மொய் விருந்து நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கறிச் சோறு ஒரு பக்கம், மொய் எழுதும் மேசைகள் ஒரு பக்கம். யார், எந்த ஊர், அப்பன் பேர் என்ன, எவ்வளவு என்று அத்தனையும் எழுதப்படும். அந்த நோட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். பல வருடம் கழித்து ஒருவர் விருந்து வைத்தாலும், பழைய நோட்டைப் புரட்டி, அவர் செய்ததற்குக் குறையாமல் திருப்பிச் செய்வார்கள். மதுரைப் பக்கத்துச் செய்முறையிலும் இதே கறார்தான். ஐம்பது ரூபாய்க்குக் கணக்கு வைக்கத் தெரிந்த சனம் நாம். அப்படியிருக்க, நூறு குடும்பம் கொடுத்த பணத்துக்கு, பாதி ஊருக்கு மட்டும் தெரிந்த வாய்க்கணக்கு எப்படிப் போதும்?

பணத்தை எடுத்துத் தின்றவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான ஊர்களில் பொறுப்பாளர்கள் கைக்காசு போட்டுத்தான் காரியத்தை முடிக்கிறார்கள். கொட்டுக்காரருக்கு முன்பணம், பந்தல்காரருக்குப் பாக்கி, சீரியல் செட்டு வாடகை, பூசாரிக்குத் துணி, ஆடு வாங்கியது, வாழைமரம் இறக்கியது என்று நாலு நாளில் நாற்பது செலவு வரும். எதற்கும் சீட்டு இருக்காது. திருவிழா முடிந்ததும் அந்த மனிதர் அசந்துபோய்ப் படுத்துவிடுவார். ஒரு மாதம் கழித்து யாராவது கேட்டால், "ஏன் மாப்பிள்ளை, என் மேலேயே சந்தேகமா?" என்று சுருக்கென்று கேட்பார். கேட்டவனும் உறவு கெடக் கூடாதென்று வாயை மூடிக்கொள்வான். கேள்வி மட்டும் அடங்காது. டீக்கடையில் ஒரு கணக்கு, கண்மாய்க்கரையில் ஒரு கணக்கு என்று ஆளுக்கொரு தொகை பேசுவார்கள். மூன்றாவது வருடம் ஊர் இரண்டாகப் பிரியும், முதல் மரியாதைக்குச் சண்டை வரும், தாசில்தார் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை நடக்கும். கடைசியில் அம்மன் கோயில் கதவில் அரசாங்கப் பூட்டுத் தொங்கும். யோக்கியமான பொறுப்பாளரே, உங்கள் பெயரைக் காப்பாற்றப் போவது எழுதிய கணக்கு ஒன்றுதான். அதைக் கேட்பவனைப் பகையாளியாகப் பார்க்காதீர்கள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைக்காக எல்லாரும் கொண்டாடுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டியவை. அந்தச் சபை நிலம் வைத்திருந்த பிராமணர்களுடைய சபை. ஏர் பிடித்தவனுக்கும் பெண்ணுக்கும் அதில் இடம் கிடையாது. அதனால் அதை நம் கிராமத்துக்கு முன்மாதிரி என்று நான் தூக்கிவைக்க மாட்டேன். ஆனாலும் அதில் உள்ள ஒரு விதியைப் படிக்கும்போதெல்லாம் நம் சாவடிகள்தான் நினைவுக்கு வருகின்றன. வாரியத்தில் பொறுப்பு வகித்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் மறுபடி குடத்தில் விழக் கூடாது. அவருடைய பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள், அத்தை மகன், தாய்மாமன், மாமனார் வரை உறவுக்காரர் பெயரும் விழக் கூடாது. அதோடு, மூன்று ஆண்டுக்குள் பொறுப்பில் இருந்தவரும் மறுபடி வர முடியாது. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஒரே ஆள், அவருக்குப் பிறகு அவர் தம்பி, அவருக்குப் பிறகு மச்சான் என்று நோட்டுக் கைமாறும் ஊர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கோயில் பணம் வட்டிக்குப் போவதைப் பற்றியும் பேசியாக வேண்டும். திருவிழா முடிந்து மிச்சமான தொகை, கண்மாய் மீன் ஏலம், புளியமர ஏலம், கருவேல மரம் வெட்டிய பணம் எல்லாம் சேர்ந்து ஊருக்குள்ளேயே கடனாக இறங்குகிறது. அடுத்த சாட்டுக்குள் வட்டியும் முதலும் வர வேண்டும் என்பது பேச்சு. நல்ல ஏற்பாடுதான். வெளியாளிடம் கந்துவட்டிக்குப் போகாமல் ஒரு குடும்பம் பிள்ளைக்குக் கல்லூரிப் பணம் கட்ட முடிகிறது. ஆனால் கெடு வந்ததும் என்ன நடக்கிறது? கூலிக்காரன் தோட்டைக் கழற்றி அடகு வைத்துக் கட்டுகிறான். வசதிக்காரர் "அடுத்த வருடம் பார்ப்போம்" என்கிறார், அவரிடம் யாரும் அழுத்திக் கேட்பதில்லை. இப்படி வருடக்கணக்காகத் தேங்கிக் கிடக்கும் பெரிய பாக்கிகள் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சாமி பணத்தைத் திருப்பாதவர் சாமிக்கு முன்னால் பரிவட்டம் கட்டிக்கொண்டு நிற்பது அடாத செயல். இந்த வருடம் பாக்கியைத் தீர்த்த பிறகு அவருக்குப் பரிவட்டம் கட்டுங்கள்.

இனி வரிக்கு வருவோம். கலியாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. பத்து ஏக்கர் கிணற்றுப் பாசனமும் ஒரு தலைக்கட்டு, குடிசையும் ஒரு தலைக்கட்டு. மூவாயிரம் என்று முடிவானால் இருவருக்கும் மூவாயிரம்தான். நூறு நாள் வேலைக்கு 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். அப்படியானால் ஒன்பது நாள் வெயிலில் மண் வெட்டிய கூலி முழுவதும் வரிக்குப் போகும். அதற்கு மேல் விருந்தாளிக்குச் சோறு, பிள்ளைக்குத் துணி, பொங்கல் சாமான். கைம்பெண்ணுக்கு அரைவரி என்றும், சில ஊர்களில் வரி இல்லை என்றும் முன்னோர் வைத்தார்கள். அந்த ஈரத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினால் என்ன? முடிந்தவர் கூடக் கொடுக்கட்டும். முடியாதவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு முழுத் தலைக்கட்டாக நோட்டில் எழுதுங்கள். வரி பாக்கி என்று மைக்கில் பெயர் வாசிப்பது, முளைப்பாரி எடுக்கக் கூடாது என்பது, சாவு வீட்டுக்குப் போகக் கூடாது என்பது, கடையில் சாமான் கொடுக்கக் கூடாது என்பது, எல்லாம் கொடுமை. மகாராஷ்டிரத்தில் இப்படி ஒதுக்கிவைப்பதைக் குற்றமாக்கி 2016ஆம் ஆண்டே சட்டம் இயற்றினார்கள். நம் மாநிலத்திலும் ஒதுக்கிவைக்கப்பட்ட குடும்பங்கள் நீதிமன்றப் படி ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன. இரண்டாயிரம் ரூபாய்க்காக ஒரு வீட்டுப் பிணத்தைத் தூக்க ஆள் போகவில்லை என்றால், அந்த ஊரில் எந்தத் தெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போகிறீர்கள்?

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. சில ஊர்களில் காலனித் தெருவில் வரியே வாங்குவதில்லை. பெருந்தன்மை என்று வெளியாட்கள் நினைக்கலாம். வரி வாங்கினால் உரிமை வந்துவிடும், தேர் வடம் பிடிக்க வருவார்கள், கோயிலுக்குள் வந்து பொங்கல் வைப்பார்கள், கணக்குக் கேட்பார்கள். அதைத் தடுக்கத்தான் பணத்தையே வேண்டாம் என்கிறார்கள். பந்தக்கால் நட, கொட்டு அடிக்க, இலை எடுக்க மட்டும் அந்தத் தெரு வேண்டும். இது பாவம், சட்டப்படி குற்றம். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் ஒரு பகுதி மக்களை விடாததால் 2023 சூனில் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். அந்த நிலைக்கு உங்கள் ஊர் போக வேண்டுமா? தண்டலுக்குப் போகிறவர்கள் முதல் ரசீதை அந்தத் தெருவில் எழுதட்டும். எல்லாரையும் போலவே அவர்களுக்கும் மரியாதை செய்யுங்கள், நிர்வாகத்திலும் ஆள் சேருங்கள். பெரியவர்கள் தயங்கினால் இளவட்டங்கள் முன்னால் நில்லுங்கள். படித்த பிள்ளைகள் நீங்கள், வெளியூரில் எல்லாரோடும் ஒரே அறையில் தங்குகிறீர்கள், ஒரே மேசையில் சாப்பிடுகிறீர்கள். ஊர் எல்லை தாண்டி உள்ளே வந்ததும் அதை மறக்காதீர்கள்.

கோயிலுக்கு இவ்வளவு தருகிறேன், தலைவர் பதவியை எனக்கு விடுங்கள் என்று ஏலம் போகும் பழக்கத்தைப் பற்றி ஒரே வார்த்தைதான்: ஒத்துக்கொள்ளாதீர்கள். 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது இப்படிப்பட்ட ஏலங்கள் வெளியே வந்து ஊர்களின் மானம் போனது. அந்தப் பணத்தில் கட்டும் கோபுரம் உங்கள் வாக்கை விற்றுக் கட்டிய கோபுரம்.

நோட்டை யாரிடம் கொடுப்பது? நம் கிராமங்களில் மகளிர் குழுப் பெண்கள் இருக்கிறார்கள். 1989இல் தருமபுரியில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய குழுக்கள். வாரச் சேமிப்பு, கடன், வட்டி, தீர்மான நோட்டு, வங்கிப் புத்தகம் என்று ஒரு ரூபாய் பிசகாமல் எழுதுகிறார்கள். ஊர்க் கூட்டத்திலோ அவர்களுக்கு உட்காரக்கூட இடம் இல்லை, சாவடித் திண்ணை ஆண்களுக்கென்றே ஆகிவிட்டது. இந்த வருடம் வரவுசெலவை எழுத இரண்டு பெண்களை உட்காரவையுங்கள். பணம் ஒருவர் பெயரில் இருக்க வேண்டாம். மூன்று பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்று வங்கிக் கணக்குத் தொடங்குங்கள். எண் போட்ட ரசீதுப் புத்தகம் அச்சடியுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, தனியாள் போனுக்குப் பணம் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்காதீர்கள். ரசீது கேளுங்கள், கணக்குக் கேளுங்கள். பிளக்ஸில் உங்கள் படம் பெரிதாக வருகிறதா என்பதைவிட அது முக்கியம்.

வரி போடும்போதே நூற்றுக்குப் பத்து என்று பள்ளிக்கோ நீர்நிலைக்கோ ஒதுக்கிவையுங்கள். ஒரு இரவு ஆடல் பாடலுக்குக் கொடுப்பதில் பள்ளிக்கூடக் கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் இழுத்துவிடலாம். நமக்கு நாமே திட்டத்தில் ஊர் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடுகிறது. அரசுப் பள்ளிகளுக்கு உதவ 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர் பள்ளி' இருக்கிறது. சாமி கோபித்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால், பிள்ளைகள் ஒதுங்க இடமில்லாமல் நிற்பதற்கு எந்தச் சாமி சந்தோஷப்படும் என்று கேளுங்கள்.

மஞ்சள் நீராட்டு அன்று சாயங்காலமே, வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறுவதற்கு முன்னால், மந்தையில் கணக்கு வாசியுங்கள். பாக்கிச் சீட்டுகள் வர வேண்டியிருந்தால் மே 1ஆம் தேதி வரை கெடு வையுங்கள். அன்றைக்குக் கிராமசபை நடக்கும், ஊர் எப்படியும் கூடும், அது கலைந்த கையோடு முழுக் கணக்கையும் படித்துச் சாவடிச் சுவரில் ஒட்டிவிடலாம். இதைத் திருவிழா முடிந்து யோசிக்காதீர்கள். வரி எவ்வளவு என்று பேசும் கூட்டத்திலேயே கணக்கு நாளையும் குறித்துத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். ரேடியோ செட்டுக்காரரிடமும் அப்போதே சொல்லிவிடுங்கள், கணக்கு வாசித்து முடிக்கும் வரை மைக்கைக் கழற்ற வேண்டாம் என்று.